இமயப் பனியை அளக்கும் செயற்கைக்கோள்

பக்ரா அணைக்கு வரும் சட்லெஜ் ஆற்று நீரில் பாதிக்கு மேல் இமயமலைப் பனியும் பனியாறுகளும் உருகி வருவதாகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை, பருவமழைக்கு முன், அணைக்கு வரும் நீர் பெரும்பாலும் இதுவே. பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான் பகுதிகளில் பருத்தி விதைப்பதும் இக்காலத்தில்தான். குதிரில் உள்ள நெல்லைப் பார்த்துச் செலவைத் திட்டமிடுவது போல, மலையிலுள்ள பனியை முன்னதாக அறிவது அவசியம்.

ஆள் ஏற முடியாத சிகரங்களில் இவ்வேலையைச் செயற்கைக்கோள் செய்கிறது. பார்வைக்குப் பனி, மேகம் இரண்டும் வெண்மையே. ஆனால் அகச்சிவப்பு ஒளியின் ஒரு பகுதியைப் பனி உறிஞ்சிக்கொள்வதால், அந்தப் படத்தில் அது கருமையாகத் தெரியும். நீர்த்துளி மேகமோ பளிச்சிடும். இரு படங்களையும் ஒப்பிட்டுப் பனிப்பரப்பை வரைகின்றனர். 1999-ல் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளின் படங்களில் ஒரு கட்டம் 500 மீட்டர் அகலமுள்ளது. மேகம் மூடிய நாளில் தரை தெரியாது. எனவே பல நாள் படங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படம் பனியின் பரப்பைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. ஆகவே மலை நிலையங்களில் அளந்த பனி ஆழம், வெப்பநிலை, முந்தைய ஆண்டுகளின் ஆற்று நீர்வரத்து ஆகியவற்றையும் சேர்த்தே கணிக்கின்றனர். பனி குறைந்த ஆண்டில் கால்வாய் நீர் குறையக்கூடும் என்று விதைப்புக்கு முன்பே தெரிந்தால், சாகுபடிப் பரப்பைக் குறைக்கவோ, குறைந்த நீரில் விளையும் பயிருக்கு மாறவோ அப்பகுதி விவசாயிகளுக்கு அவகாசம் கிடைக்கும்.