வெயிலும் ஒரு பயிர்தான்

மோட்டார் ஓடாத நாட்களில் வீணாகும் சூரிய மின்சாரத்தைக் காசாக்க வழி காட்டியது குஜராத்தின் ஒரு சிறு கிராமம். விலை சரியாக அமைந்தால் நிலத்தடி நீரும் மிஞ்சும்.

அறுவடை முடிந்துவிட்டால் வயலில் மோட்டாருக்கு வேலை இல்லை. பக்கத்தில் நிற்கும் சோலார் தகடுகளுக்கோ ஓய்வே கிடையாது. வெயில் அடிக்கும் வரை மின்சாரம் தரத் தயார். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

நாடெங்கும் லட்சக்கணக்கில் நிறுவப்பட்டுவிட்ட சூரிய பம்புகளின் பெரிய குறை இதுதான். 5 குதிரைத்திறன் பம்பை இயக்கச் சுமார் 5 கிலோவாட் தகடுகள் வேண்டும். நல்ல வெயில் நாளில் இவை 20 யூனிட் வரை தரும். பாசனம் தேவைப்படாத மாதங்களில் அத்தனையும் வீண். இத்தனைக்கும் பம்பின் விலையில் பெரும் பகுதி அரசு மானியம்.

வீணாவதை விட மோசமான இன்னொரு விஷயமும் உண்டு. டீசல் இன்ஜின் வைத்திருக்கும் விவசாயி ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்குப் பார்ப்பார். வெயிலுக்கு பில் வராது. ஆகவே தேவை இருக்கிறதோ இல்லையோ, மோட்டாரை ஓடவிடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை. உலகிலேயே மிக அதிகமாக நிலத்தடி நீரை உறிஞ்சும் நாட்டில் இது ஆபத்தான சலுகை.

துண்டியின் கணக்கு

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள துண்டி கிராமம் இதற்கு ஒரு பதில் கண்டது. 2016-ல், அதுவரை டீசலில் நீர் இறைத்துவந்த ஆறு விவசாயிகள் சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் உதவியோடு சூரிய மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பாசனத்துக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை மின் கம்பியில் ஏற்றி, அங்குள்ள மின் விநியோக நிறுவனத்துக்கு விற்பதுதான் ஏற்பாடு. யூனிட்டுக்கு ரூ. 4.63 வீதம் 25 வருட ஒப்பந்தம். நீரைச் சேமிப்பதற்கும் பசுமை மின்சாரத்துக்கும் ஊக்கத்தொகையாக மேலும் ரூ. 2.50 கிடைத்தது. பதிலுக்கு, மானிய விலை மின் இணைப்பு கேட்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

கூட்டுறவு எதற்கு? ஒவ்வொரு வயலிலும் மீட்டர் பார்த்துப் பணம் தருவது மின் நிறுவனத்துக்குத் தலைவலி. எல்லோருடைய மின்சாரமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒரே மீட்டர், ஒரே பில். 1946-லேயே பாலை இப்படிச் சேர்த்து விற்கப் பழகிய மாவட்டம் அது. அமுல் பிறந்த மண்ணுக்கு இந்த யோசனை புதிதல்ல.

இதனால் மாறியது விவசாயியின் மனக்கணக்கு. மோட்டாரை ஒரு நாள் நிறுத்தினால், 20 யூனிட்டுக்கு ஒப்பந்த விலையில் மட்டுமே 90 ரூபாய்க்கு மேல் வரவு. தேவையில்லாமல் இறைக்கும் தண்ணீர் தன் பையிலிருந்து போகும் பணம் என்பது புரிந்துவிடுகிறது. வெள்ளமோ வறட்சியோ பூச்சியோ தாக்காத பயிர் இது.

எங்கே இடிக்கிறது?

குஜராத் அரசு 2018-ல் இதே பாணியில் ஒரு திட்டத்தை அறிவித்தது. முதல் 7 வருடங்களுக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய், அடுத்த 18 வருடங்களுக்கு ரூ. 3.50. மத்திய அரசும் 2019-ல் தொடங்கிய குசும் திட்டத்தில், மின் இணைப்புள்ள பம்புகளைச் சூரிய சக்திக்கு மாற்றி உபரியை விற்க இடம் கொடுத்தது. ஆனால் தனித்து இயங்கும் பம்புகள் பரவிய வேகத்தில் இவை பரவவில்லை. காரணம் எளிது. வயலுக்கு மின்சாரம் இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ கிடைக்கும்போது, கைக்காசு போட்டுத் தகடு வைக்க யார் முன்வருவார்கள்?

மின் கம்பி எட்டாத இடங்களுக்கு வேறு வழி இருக்கிறது. பம்போடு வரும் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பதிலாகப் பொதுக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினால், அதே தகடுகள் மாவு மில்லையும் தீவனம் வெட்டும் இயந்திரத்தையும் சிறிய குளிர்பதன அறையையும் இயக்கும். குசும் திட்டமும் இதை அனுமதிக்கிறது.

தொழில்நுட்பம் தயாராக இருக்கிறது. மீதி எல்லாம் விலையைப் பொறுத்தது. விற்கும் மின்சாரத்தின் விலை, இறைக்கும் தண்ணீரால் கிடைக்கும் லாபத்தை விடக் குறைவாக இருந்தால் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எத்தனை லட்சம் பம்புகள் நிறுவினோம் என்று எண்ணும் அரசுகள், அவை ஓடாத நாட்களையும் எண்ணத் தொடங்க வேண்டும்.