ட்ரோன் ஏன் அதற்குள் இறங்கிவிடுகிறது?

வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன் இப்போது நம் மாணவர்களுக்குப் புதிதல்ல. திருமண மண்டபங்களில் அது படம் எடுப்பதையும் பார்த்திருக்கிறார்கள். வகுப்பில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், எவ்வளவு உயரம் பறக்கும் என்பதற்கு அடுத்தபடியாக வரும் கேள்வி, "ஏன் சார் கொஞ்ச நேரத்துல இறங்கிடுது?" என்பதுதான். பத்து லிட்டர் மருந்தைச் சுமக்கும் ட்ரோன் பத்துப் பதினைந்து நிமிடங்களில் மின்கலம் மாற்ற இறங்கிவிடும்.

"பேட்டரி தீர்ந்துவிடுகிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். ஆனால் நாம் சற்று நின்று விளக்க வேண்டிய இடம் இது. உந்தம், இயக்க ஆற்றல் என்ற இரண்டு சூத்திரங்களையும் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இரண்டிலும் நிறையும் திசைவேகமும்தானே இருக்கின்றன, பிறகு எதற்கு இரண்டு என்று கேட்டால் விழிக்கிறார்கள். ட்ரோனின் இறக்கை அந்த வேறுபாட்டை நிமிடக் கணக்கில் காட்டிவிடும்.

ஒரு கிலோ நிறையுள்ள ட்ரோன் ஒரே இடத்தில் நிற்க ஏறத்தாழ 10 நியூட்டன் மேல்நோக்கு விசை வேண்டும். இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன. காற்று ட்ரோனை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. ஒரு நொடியில் காற்றுக்குக் கொடுக்கும் உந்தமே கிடைக்கும் விசை. நொடிக்கு 1 கிலோ காற்றை 10 மீ/வி வேகத்தில் தள்ளினால் 10 நியூட்டன். நொடிக்கு 2 கிலோ காற்றை 5 மீ/வி வேகத்தில் தள்ளினாலும் அதே 10 நியூட்டன்தான்.

இப்போது செலவைப் பார்ப்போம். முதல் வழியில் இயக்க ஆற்றல் ½ × 1 × 10², அதாவது நொடிக்கு 50 ஜூல். இரண்டாம் வழியில் ½ × 2 × 5², அதாவது 25 ஜூல். விசை ஒன்றே, செலவு பாதி! இந்த இரண்டு வரிகளைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். திசைவேகத்தின் வர்க்கம் என்ன செய்கிறது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

நிறையக் காற்றை மெதுவாகத் தள்ள, அகலமான இறக்கை வட்டம் வேண்டும். விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. காற்றின் வேகம் பாதியாகவும் தேவையான திறன் பாதியாகவும் குறையும். ஒரு கிலோ ட்ரோனுக்கு நான்கு 5 அங்குல இறக்கைகள் என்றால் கணக்குப்படி ஏறத்தாழ 90 வாட் தேவை. 10 அங்குல இறக்கைகளுக்கு 45 வாட் போதும். உராய்வு, நுனிச் சுழல்கள், மோட்டார் சூடாதல் எல்லாம் சேர்ந்து உண்மைச் செலவு இதைவிட அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் எல்லா ட்ரோனிலும் பெரிய இறக்கை வைக்கலாமே என்று ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார். பெரிய இறக்கைக்கு நீளமான கைகள் வேண்டும். அவற்றால் எடை கூடும். பெரிய இறக்கையின் சுழற்சியைச் சட்டென்று கூட்டவும் குறைக்கவும் முடியாது. அதனால்தான் பந்தய ட்ரோன்களில் சிறிய, மூன்று இலை இறக்கைகளைப் பார்க்கிறோம். அங்கே சிக்கனத்தைவிட வேகமான திருப்பங்களே முக்கியம்.

இறக்கையின் உறையில் 10×4.5 என்பதுபோல் எண்கள் இருக்கும். முதலாவது விட்டம், அடுத்தது புரியிடைத் தூரம், இரண்டும் அங்குலத்தில். ஒன்பதாம் வகுப்பில் திருகு அளவிக்கு நாம் நடத்தும் அதே புரியிடைத் தூரம்தான். மரத்தில் திருகு இறங்குவதுபோல், ஒரு முழுச் சுற்றில் இறக்கை எவ்வளவு முன்னேறும் என்ற கணக்கு. நுனி மையப்பகுதியைவிட வேகமாகச் சுற்றுவதால், இறக்கை மையத்தருகே நிமிர்ந்தும் நுனியில் படுத்தும் முறுக்கப்பட்டிருக்கும். சாதாரணக் கூரை மின்விசிறியின் தட்டையான இறக்கையோடு ஒப்பிட்டுக் காட்டலாம்.

இந்த முறுக்கின் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர்கள் ரைட் சகோதரர்கள். கப்பல் உந்துவிசிறிக் கணக்குகள் அவர்களுக்கு உதவவில்லை. உந்துவிசிறி என்பது சுழலும் விமான இறக்கைதான் என்று அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் காற்றுச் சுரங்கத்தில் எடுத்த அளவுகளைக் கொண்டு 1903-இல் மரத்தில் செதுக்கிய அந்த இறக்கைகளின் பயனுறுதிறன் ஏறத்தாழ 75 விழுக்காடு. சைக்கிள் கடைக்காரர்களின் வேலை என்பதை மாணவர்களிடம் சொல்லத் தவறாதீர்கள்.

கண்காட்சிக்கு ட்ரோன் செய்யும் மாணவர்கள் பலரும் முதலில் நினைப்பது, இன்னொரு மின்கலம் சேர்த்தால் இரு மடங்கு நேரம் பறக்கும் என்பது. 600 கிராம் உடலும் 400 கிராம் மின்கலமும் கொண்ட ட்ரோனில் இன்னொரு 400 கிராம் மின்கலம் சேர்த்தால் எடை 1.4 மடங்கு. தேவையான திறனோ ஏறத்தாழ 1.66 மடங்கு. 20 நிமிடம் பறந்தது 24 நிமிடம்தான் பறக்கும். காசு மின்கலத்துக்குப் போகும்; கிடைப்பது நான்கு நிமிடம்.

காற்றே மிகக் குறைவாக இருந்தால்? செவ்வாயில் காற்றின் அடர்த்தி பூமியில் இருப்பதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. ஈர்ப்பு நம்முடையதில் 38 விழுக்காடு என்பது சிறிய ஆறுதல். நாசாவின் இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர் 1.8 கிலோ எடைதான். ஆனால் எதிரெதிர் திசையில் சுழலும் அதன் இரண்டு சுழலிகளின் விட்டம் 1.2 மீட்டர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 சுற்றுகள். 2021 ஏப்ரல் 19-இல் அது 39 நொடிகள் பறந்தது. ஐந்து முறை பறக்கத் திட்டமிட்டது, 72 முறை பறந்தது. 2024 ஜனவரியில் இறக்கை சேதமடைந்ததால் பணி முடிந்தது. அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.

வகுப்பறையில் செய்து பார்க்க, ஒரு சிறிய டி.சி. மோட்டார், இரண்டு அளவு இறக்கைகள், சமையலறை டிஜிட்டல் தராசு, மல்டிமீட்டர், மின்தடை மாற்றி போதும். அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் இவை பெரும்பாலும் இருக்கும். மோட்டாரைக் கனமான மரக்கட்டையில் இறுகப் பொருத்தி, காற்று மேல்நோக்கி வீசும்படி தராசில் வையுங்கள். இறக்கை சுழலும்போது தராசின் அளவு கூடும். அந்தக் கூடுதலே உந்துவிசை. இரண்டு இறக்கைகளுக்கும் ஒரே கூடுதல், உதாரணமாக 20 கிராம், வரும்படி மின்தடையைச் சரிசெய்து, மோட்டாரின் முனைகளில் வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து பெருக்குங்கள். பெரிய இறக்கையில் வாட் குறையவில்லையா? மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். அந்த இறக்கையைச் சுழற்றும் முறுக்குவிசை அதற்கு இல்லை. மெதுவாகச் சுழலும் வேறு மோட்டார் வேண்டும்.

ட்ரோன் மோட்டாரையே பயன்படுத்துவதானால், வயரிங் சரிபார்க்கும்போது இறக்கையைக் கழற்றிவிடுங்கள். ஓட்டும்போது ஆசிரியர் மட்டும் அருகில் இருக்க வேண்டும், கண்ணாடி அணிந்து. மாணவர்கள் இரண்டு மீட்டர் தள்ளி, சுழலும் தளத்துக்கு நேரே இல்லாமல் நிற்கட்டும். தராசின் எண்ணைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினால் கடைசி வரிசை மாணவரும் குறித்துக்கொள்ளலாம்.