விமானம் ஏறுமுன்...

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

கடல் கடந்து பொருள் தேடுவது தமிழருக்குப் புதிதன்று. இலங்கை, பர்மா, மலேயா என்று நம் முன்னோர் சென்று உழைத்த நாடுகள் பல. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்ததைத் தொடர்ந்து, அந்த வரிசையில் வளைகுடா நாடுகளும் சேர்ந்தன. இன்று எங்கள் பகுதியில் வளைகுடாவில் ஒருவராவது இல்லாத தெருவைக் காண்பது அரிது. தந்தையார் அங்கிருந்து அனுப்பும் பணத்தில் இக்கல்லூரியில் பயில்வோர் சிலர். பட்டம் பெற்றதும் அங்கே செல்ல எண்ணியிருப்போர் பலர்.

எங்கள் தெருவில் கல்லூரியில் படிப்பவன் நான் ஒருவனே. ஆகவே, விசா வந்த வீட்டார் காகிதக் கட்டோடு என்னைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது. "தம்பி, இதிலே என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்பார்கள். இப்படி மூன்றாண்டுகளாகப் படித்துச் சொல்லி வந்ததில் ஒன்று எனக்குத் தெளிவாயிற்று. அயல்நாட்டில் நம்மவர்க்கு நேரும் துன்பங்கள் பலவற்றின் விதை இங்கேயே, நம் ஊரிலேயே, படித்துப் பாராமல் இட்ட கையெழுத்தில் ஊன்றப்படுகிறது. எனவே அதைத் தடுக்கும் வழியும் இங்கேயே தொடங்க வேண்டும். சவூதி அரேபியா, ஐக்கிய அரபு எமிரேட்டுகள், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் என்னும் ஆறு நாடுகளை மனத்திற்கொண்டு, புறப்படுமுன்னும் போய்ச் சேர்ந்த பின்னும் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சுருக்கமாக விளக்க முயல்கிறேன்.

காகிதமே முதற் காவல்

முதலில் பாஸ்போர்ட். இது நம் பெயரில் இருந்தாலும், 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி மைய அரசின் உடைமையாகும். ஆகவே இதை எந்த முதலாளியிடமும் அடகுப்பொருள்போல் ஒப்படைக்க வேண்டிய கடமை நமக்கு இல்லை. கத்தார், ஐக்கிய அரபு எமிரேட்டுகள் முதலிய நாடுகளின் சட்டமும் முதலாளி அதைப் பிடித்து வைத்துக்கொள்வதைத் தடை செய்கிறது. சட்டம் இருந்தும் இப்பழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. எனவே பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் படிகளை மூன்று தொகுதிகளாக எடுத்துக்கொள்வது நல்லது. ஒன்று செல்பவரிடமும், ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். மற்றொன்றைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது விசா. சுற்றுலா விசாவில் சென்று, அங்கே போனபின் மாற்றிக்கொள்ளலாம் என்னும் பேச்சை நம்பக்கூடாது. அந்த விசாவில் வேலை செய்வது அந்நாடுகளில் குற்றம். வேலை விசாவிலும், எந்தத் தொழிலுக்கு, எந்த முதலாளியிடம் என்பது குறிக்கப்பட்டிருக்கும். வீட்டுக் கார் ஓட்டுவதற்கான விசாவில் சென்றவர் கடையில் வேலை செய்து பிடிபட்டால், அனுப்பிய ஏஜெண்டு அங்கே வந்து பதில் சொல்லப் போவதில்லை.

மூன்றாவது ஒப்பந்தம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மிகைநேரப் பணிக்குத் தனிக் கூலி உண்டா, தங்குமிடமும் உணவும் யார் பொறுப்பு, விடுப்பு எத்தனை நாள், திரும்பும் பயணச்சீட்டு யார் செலவு என்னும் ஐந்தையும் விரல்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவருக்கு மாதம் 1,800 ரியால் என்று ஒரு ஏஜெண்டு சொல்லியிருந்தார். அவர் கொணர்ந்த தாளில் அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால் என்றே இருந்தது. மிச்சம் 800 என்பது மிகைநேர வேலை கிடைத்தால் வரக்கூடிய கணக்கு. நான் இதைப் படித்துச் சொன்னபோது அண்ணி திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஏனெனில் அதற்கு முன்பே அவருடைய சங்கிலியை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. அண்ணன் போகத்தான் செய்தார். அந்தச் சங்கிலியை மீட்க அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. எனவே காகிதத்தைப் படிக்க வேண்டிய நேரம் பணம் கட்டுவதற்கு முன்பேயாகும்.

ஏஜெண்டு பதிவு பெற்றவர்தானா என்பதை மைய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் யாரும் பார்த்து அறியலாம். பதிவு பெற்றவர் வசூலிக்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் என்று 2017இல் விதி வகுக்கப்பட்டது. கொடுக்கும் தொகைக்கு ரசீது கேட்பது நம் உரிமை. ரசீது தர மறுப்பவரிடம் பணம் தராமலிருப்பதே அறிவுடைமை. தமிழக அரசே 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தியது. அதைப் பற்றிக் கேள்விப்படாதோர் நம் சிற்றூர்களில் இன்றும் பலர்.

பட்டதாரிகள் கவனிக்க

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும் என்பது ஏற்பாடு. அப்போது அவருடைய ஒப்பந்தத்தை அரசு அலுவலகம் ஒன்று ஒருமுறையேனும் பார்க்கிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடும் அவருக்குக் கட்டாயம். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 இலட்சம் ரூபாய் தரும் காப்பீடு அது.

நமக்கு அந்த அனுமதி தேவையில்லை. நேரே விமானம் ஏறலாம். இதைப் பெருமையாகக் கருதுவோர் உண்டு. ஆனால் நம் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை என்பதே இதன் மறுபக்கம். ஆகவே படிக்காதவரைவிடப் படித்தவரே தம் காகிதத்தைக் கூர்ந்து நோக்கவும், காப்பீடு எடுத்துக்கொள்ளவும் கடமைப்பட்டவர் என்பேன்.

வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள் நிலை இன்னும் கவனத்திற்குரியது. அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் உடைய பெண்கள் 30 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. இதிலிருந்து தப்பச் சுற்றுலா விசாவில் அனுப்பிவைப்பவர் உண்டு. அப்படிச் செல்லும் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் தொழிலாளியாக இராது. துன்பம் வந்தால் தேடுவோர்க்குத் தொடக்கமே கிடைக்காது.

வெயில்

கோடையில் அங்கே வெப்பம் 45 பாகையைத் தாண்டுவது சாதாரணம். கடற்கரை நகரங்களில் ஈரப்பதமும் சேர்வதால் வியர்வை உலராது, உடல் தணியாது. இதனால்தான் அந்நாடுகள் கோடையில் நண்பகல் வெளிவேலைக்குத் தடை விதித்துள்ளன. ஐக்கிய அரபு எமிரேட்டுகளில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. குவைத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 11 முதல் 4 மணி வரை தடை. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கிச் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30 வரை தடை.

நம் ஊர் வெயிலில் பழகியவனுக்கு அங்குள்ள வெயில் ஒன்றும் செய்யாது என்பது தவறான எண்ணம். புதிய வெப்பத்திற்கு உடல் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். முதல் நாட்களிலேயே ஆபத்து மிகுதி. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி சிறிது சிறிதாக நீர் பருக வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாக இறங்கினால் நீர் போதவில்லை என்று பொருள். உடன் வேலை செய்பவர் பிதற்றினாலோ, தள்ளாடினாலோ, உடல் நெருப்பாய்க் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டலாகாது.

தங்குமிடம்

2024 ஜூன் 12ஆம் நாள் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத்தில் அதிகாலையில் தீப்பற்றியது. மாண்ட 50 பேரில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். அவர்களுள் எழுவர் தமிழகத்தவர். தீ கீழ்த்தளத்தில் எழுந்தது. புகை படிக்கட்டு வழியே மேலேறியது. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்ததாகத் தீயணைப்பு அதிகாரிகள் தெரிவித்தனர். அன்று பலரைக் கொன்றது நெருப்பைக் காட்டிலும் புகையே.

புதிய அறைக்குப் போனதும் பெட்டியைப் பிரிக்குமுன் வெளியேறும் வழிகள் எத்தனை, மாடிக் கதவு திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். புகை சூழ்ந்தால் நிமிர்ந்து ஓடாமல் தரையோடு தவழ்ந்து செல்ல வேண்டும். தரையருகில்தான் சற்றேனும் நல்ல காற்று இருக்கும். மின்தூக்கியை நாடலாகாது. படுக்கையின்மீது கைப்பேசியை மின்னேற்றம் செய்துவிட்டு உறங்குவதும், ஒரே இணைப்பில் பல கருவிகளைச் செருகுவதும் வேண்டா. பாலைவனத்தில் குளிர்கால இரவுகள் கடுமையானவை. குளிருக்கு அஞ்சி மூடிய அறையில் கரியை மூட்டிப் படுத்தவர்கள், மணமற்ற நச்சுக்காற்றால் உறக்கத்திலேயே மடிந்திருக்கிறார்கள்.

சாலையும் பெட்டியும்

நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாக ஓடுகின்றன. ஆகவே சாலையைக் கடக்கையில் நாம் முதலில் வலப்பக்கம் பார்த்துப் பழகியவர்கள். வளைகுடாவில் வண்டிகள் வலப்பக்கமாக ஓடுவதால் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். சிறு செய்திதான், ஆனால் பழக்கம் மூளையில் இல்லை, கழுத்தில் இருக்கிறது!

இனிப் பெட்டி. நம் வீட்டுக் குருமாவில் சேரும் கசகசா, ஐக்கிய அரபு எமிரேட்டுகள், சவூதி அரேபியா, கத்தார் ஆகிய நாடுகளில் போதைச் செடியின் விதை என்று தடை செய்யப்பட்ட பொருள். அம்மா அன்போடு அரைத்துத் தரும் மசாலாப்பொடி மகனைச் சிறையில் தள்ளக்கூடும். டிராமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளும் அப்படியே. மருத்துவரின் சீட்டும் முன் அனுமதியும் இன்றிக் கொண்டுசெல்லலாகாது. "அங்கே என் தம்பி வந்து வாங்கிக்கொள்வான்" என்று பிறர் தரும் பொட்டலம், உறவினரே தந்தாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்கத்தக்கதன்று.

பணம்

பதிவு பெற்ற வங்கி அல்லது நாணயமாற்று நிலையம் வழியே அனுப்பி ரசீதைச் சேர்த்து வைப்பது ஒன்றே பாதுகாப்பான வழி. உண்டியல் வழியே அனுப்பிய பணம் வழியில் நின்றுவிட்டால் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது? ரசீதுகள் மற்றொரு வகையிலும் உதவும். சம்பளம் நின்றது எந்த மாதத்திலிருந்து என்பதற்கு அவையும் சான்றாகும். தம் அடையாள அட்டையில் பிறருக்குக் கைப்பேசி இணைப்பு வாங்கித் தருவதும், தம் வங்கிக் கணக்கை நண்பர் பயன்படுத்தக் கொடுப்பதும், பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து இடுவதும் கூடவே கூடாது.

இடர் வரும்போது

1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கின் படை குவைத்தில் புகுந்தது. அப்போது நம் நாட்டவர் சுமார் 1,70,000 பேர் தாயகம் கொணரப்பட்டனர். பெரும்பாலோர் ஜோர்டானின் அம்மான் நகருக்கு வந்து விமானம் ஏறினர். இவ்வளவு பெரிய இடர் நாள்தோறும் வருவதில்லை. சம்பள நிறுத்தம், விபத்து, நோய், மரணம் ஆகியவை ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருக்கு வருகின்றன.

இந்தியத் தூதரகங்களில் 2009இல் இந்தியச் சமுதாய நலநிதி ஏற்படுத்தப்பட்டது. ஆதரவற்று நிற்பவர்க்குத் தங்குமிடம், திரும்பும் பயணச்சீட்டு, இறந்தவர் உடலை ஊர் சேர்க்கும் செலவு ஆகியவற்றுக்கு, வழியில்லாதோர் இதனை நாடலாம். 2015இல் தொடங்கிய 'மதத்' என்னும் இணையதளத்தில், இங்குள்ள குடும்பத்தாரே முறையீட்டைப் பதிவு செய்யலாம். காவல்துறையை அழைக்க ஐக்கிய அரபு எமிரேட்டுகள், கத்தார், பஹ்ரைன் ஆகியவற்றில் 999, ஓமனில் 9999, குவைத்தில் அவசர உதவிக்கு 112.

இவை யாவும் பயன்பட வேண்டுமானால் வீட்டாருக்குச் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் "மகன் எங்கே?" என்று கேட்டால் "துபாயில்" என்பார்கள், பணம் வந்த ரசீதை வாங்கிப் பார்த்தால் மஸ்கட் என்றிருக்கும். நாடு, நகரம், நிறுவனத்தின் பெயர், தங்குமிடம், அடையாள அட்டை எண், உடனிருக்கும் ஒரு நண்பரின் தொலைபேசி எண் ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருந்தால், தேட வேண்டிய நாளில் ஒரு மாதம் மிச்சமாகும்.

நாம் செய்யக்கூடியது

மேலே சொன்னவற்றுள் பெரும் படிப்பு தேவைப்படுவது எதுவுமில்லை. ஆங்கிலத்தில் உள்ள ஒரு தாளைப் படித்துத் தமிழில் சொல்லத் தெரிந்தால் போதும். அது நம் கல்லூரியில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம். குளம் தூர் வாருகிறோம். அம்முகாமிலேயே ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு, "வெளிநாடு செல்வோர் காகிதங்கள் இங்கே படித்துச் சொல்லப்படும்" என்று எழுதி வைத்தால் என்ன? ஆங்கிலத்துறை, பொருளியல் துறைப் பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட முன்வருவார்கள் என்று நம்புகிறேன். பணம் கட்டுவதற்கு முன்பே ஒருவர் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தால், ஒரு வீட்டுச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகாமல் நிற்கும்.