கோர்ஸோக் போகுமுன்

கோடை விடுமுறை என்றால் தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் இரண்டே வழிகள்தாம். ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போவது. இல்லாவிட்டால் நாலு நாள் முசூரி, சிம்லா என்று போய் வருவது. இப்போது பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். தாய் தந்தையரையும் பேரக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு விமானத்தில் லடாக் போகிறார்கள். லே நகரோடு நிற்பதில்லை. அங்கிருந்து சுமார் 220 கிலோமீட்டர் தள்ளி, ஸோ மோரிரி ஏரிக்கரையில் இருக்கும் கோர்ஸோக் வரை போகிறார்கள். நான் போய் வந்தவன் என்பதால் சங்கக் கூட்டங்களில் பலர் என்னிடம் விவரம் கேட்கிறார்கள். தங்கும் அறை எப்படி, டாக்சிக்கு என்ன வாடகை, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று எல்லாம் கேட்பார்கள். அங்கே உடம்புக்கு வந்தால் எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் கீழே இறங்குவது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கோர்ஸோக் மேய்ச்சல்காரர்களின் ஊர். சாங்தாங் என்னும் பீடபூமியில் ஆடு, செம்மறி, யாக், குதிரை வளர்த்து வாழும் சாங்பா மக்களுக்கு அது ஒரு மையம். உயரம் ஏறக்குறைய 4,550 மீட்டர். ஊட்டியின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சில டஜன் வீடுகள், துருக்பா பிரிவைச் சேர்ந்த ஒரு பழைய புத்த மடம், சில விடுதிகள், எதிரே 26 கிலோமீட்டர் நீளத்துக்கு நீல ஏரி. 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. கோடையில் பட்டைத்தலை வாத்துகள் வந்து குஞ்சு பொரிக்கும். மரம் என்று ஒன்று கண்ணில் படாது. இவ்வளவு அழகான இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே காற்றில் ஆக்ஸிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். விகிதம் எங்கும் ஒன்றுதான், நூற்றுக்கு 21 பங்கு. குறைவது அழுத்தம். ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். பழைய வாக்குவம் பிரேக் வண்டிகளில் பிரேக் விடுபட வேண்டுமானால், குழாயிலிருந்து 53 சென்டிமீட்டர் பாதரச அளவுக்குக் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 76 சென்டிமீட்டர். எனவே 53 எடுக்க முடிகிறது. லேயில் மொத்தக் காற்றழுத்தமே ஏறக்குறைய 49. கோர்ஸோக்கில் 43. குழாயில் ஒரு பொட்டுக் காற்று மிச்சமில்லாமல் உறிஞ்சினாலும் 53 வராது. இருந்தால்தானே எடுப்பதற்கு! நம் நுரையீரலில் ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் புகுவதும் அந்த அழுத்தத்தின் தயவில்தான். தில்லியில் பழகிய உடம்பு அங்கே முக்கால் பங்குக்கும் மிகக் குறைவான அழுத்தத்தில் ஓட வேண்டியிருக்கிறது.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். அந்த நாளைக் கொடுக்காதவர்களுக்கு வருவது மூன்று விதம். முதலாவது சாதாரண மலைநோய்: தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தூக்கம் வராமை. பலருக்கும் வரும், மேலே ஏறாமல் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். இரண்டாவது நுரையீரலில் நீர் கோப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும், உதடு நீலம் பாயும், முற்றினால் சளி நுரையாக இளஞ்சிவப்பில் வரும். மூன்றாவது மூளை வீக்கம். நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுவார், பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். பின்னவை இரண்டும் சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோகக் கூடியவை. இந்த நோய்களைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் நம் இராணுவ மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1962 போரையொட்டி அவசரமாக மலையேற்றப்பட்ட சிப்பாய்கள் பலர் இப்படி அவதிப்பட்டார்கள். இந்தர் சிங் என்ற மருத்துவரும் குழுவினரும் 1,925 பேரை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. வயசுப் பிள்ளைகள், திடகாத்திரமானவர்கள் என்பதால் அந்தச் சிப்பாய்களை நோய் விட்டுவிடவில்லை. தினமும் லோதி தோட்டத்தில் ஐந்து சுற்று நடக்கிறேன் என்பது இதற்கு ஒரு பாதுகாப்பும் அல்ல.

முற்றிய நோய்க்கு முதல் வைத்தியம் கீழே இறங்குவது. ஆக்ஸிஜன், மருந்து எல்லாம் இறங்கும்வரை தாக்குப்பிடிக்க உதவுபவை. கோர்ஸோக்கின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

லேயிலிருந்து சிந்து நதியை ஒட்டியே பாதை போகிறது. காரு, உப்ஷி, வெந்நீர் ஊற்றுள்ள சுமாதாங், பிறகு மாஹே பாலம். பாலம் தாண்டி நதியை விட்டு விலகி, சும்தோ என்ற இடம் வழியாக நம்ஷங் லா என்னும் கணவாயில் ஏறி, பிறகுதான் ஏரிப் பக்கம் இறங்குகிறோம். அந்தக் கணவாய் சுமார் 4,800 மீட்டர். ஏரியோ நான்கு பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. அதிலிருந்து தண்ணீர் வெளியேற ஓர் ஆறுகூட இல்லை. ஆகவே கோர்ஸோக்கில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால், அவரைக் கீழே இறக்குவதற்கு முதலில் இன்னும் 250 மீட்டர் மேலே ஏற்றியாக வேண்டும். அதைத் தாண்டி இறங்கினாலும் சுமாதாங்கே சுமார் 4,000 மீட்டர். நல்ல மருத்துவமனை என்றால் லேயிலுள்ள சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைதான். ஆறேழு மணி நேர ஓட்டம். போர் காட் போன்ற மலைப் பாதைகளில் பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் வண்டியைத் திருப்பிவிட்டு நிறுத்த கேட்ச் சைடிங் போட்டிருப்பார்கள். கோர்ஸோக் பாதையில் அப்படி ஒன்று கிடையாது.

நான் தங்கியிருந்த விடுதியில் பக்கத்து அறைக்குப் புனேயிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. தில்லியிலிருந்து விமானத்தில் லே வந்து மூன்றாம் நாளே கோர்ஸோக். பயண ஏற்பாட்டாளர் போட்டுக் கொடுத்த திட்டம் அப்படி. குடும்பத் தலைவருக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். மாலையில் ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், இரவு எட்டு மணிக்குத் தலையணையில் சாய முடியாமல் உட்கார்ந்தபடி இருமினார். காலையில் பார்த்துக்கொள்ளலாம், இந்த இருட்டில் எப்படிப் போவது என்று மனைவியும் மகனும் தயங்கினார்கள். விடுதிக்காரர், லடாக்கி, வாசலில் நின்று அவர் மூச்சை ஒரு நிமிடம் கவனித்தார். பேசவில்லை. போய் டிரைவரை எழுப்பினார். வண்டியில் சிலிண்டர் இருந்தது புண்ணியம். பின் இருக்கையில் அவரை உட்கார்ந்த நிலையிலேயே வைத்து ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். கணவாய் தாண்டும்வரை மிக மோசமாக இருந்தது என்றும், மாஹே தாண்டியபின் பேச ஆரம்பித்தார் என்றும் பிறகு அந்த டிரைவர் லேயில் சொன்னார். நான்கு நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்தார். காலைவரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவரிடம் கேட்டேன். டிரைவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆகவே திட்டத்தைத் தில்லியிலேயே சரியாகப் போட வேண்டும். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், இரவு தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட இரவு எங்கே படுத்தோம் என்பதே முக்கியம். விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் லேயில், 3,500 மீட்டரில், இறக்கிவிடுவதால் ஆரம்பமே கணக்கு மீறியதுதான். எனவே முதல் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வு. கடைத்தெருகூட இரண்டாம் நாள் மாலைதான். மூன்றாம் நாள் ஆல்ச்சி போகலாம், அது லேயைவிடத் தாழ்ந்த இடம். நான்காம் நாள் சுமாதாங்கில் இரவு. ஐந்தாம் நாள் கோர்ஸோக். அறுபது தாண்டியவர்கள் அங்கே இரவு தங்காமல், பகலில் நாலைந்து மணி நேரம் இருந்துவிட்டு 80 கிலோமீட்டர் திரும்பிவந்து சுமாதாங்கில் படுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். மகனுக்கும் மருமகளுக்கும் ஏரியில் சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் மட்டும் தங்கட்டும். “மூன்று இரவு, நான்கு பகல்” என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் கோர்ஸோக் போகவே கூடாது.

நேரம் இருப்பவர்களுக்கு ஸ்ரீநகர் சாலை இன்னும் மேல். 2025 ஜூனில் செனாப் பாலம் திறந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தப் பாலத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஸ்ரீநகரில் ஓர் இரவு, 2,700 மீட்டரில் கார்கிலில் ஓர் இரவு என்று படிப்படியாக ஏறலாம். அந்தப் பக்க நிலவரத்தை மட்டும் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். மணாலி சாலை அப்படியல்ல. வழியில் ஸர்ச்சுவில், 4,290 மீட்டரில், முதல் இரவே படுக்க வைத்துவிடுவார்கள். வயதானவர்களுடன் வேண்டாம்.

டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றிப் பலர் கேட்பார்கள். அது உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் போகலாமா என்பதையே டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் சிறிய ஆக்ஸிஜன் டப்பா சில நிமிடத்துக்குத்தான் காணும். லேயில் சிலிண்டர் வாடகைக்கு எடுத்து, மூடி திறந்து காற்று வருகிறதா என்று பார்த்து வண்டியில் ஏற்றுங்கள். கோவிட் காலத்தில் வாங்கிய விரல் மீட்டர் இருந்தால் கொண்டுபோகலாம். லேயில் முதல் நாள் 85, 90 காட்டினால் பதற வேண்டியதில்லை. அதே சமயம் எண் நன்றாக இருக்கிறதே என்று, தள்ளாடுகிற ஆளை உட்கார வைத்திருக்கவும் கூடாது. சிறு குழந்தைகளுக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. விளையாடாமல் சாப்பிடாமல் சிணுங்கினால் நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். டிரைவர் சுகமாக இருக்கிறாரே என்று பார்த்தும் பயனில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த உயரத்தில் வாழ்ந்தவர்களின் உடலமைப்பே வேறு.

இரவில் குளிருக்குப் புகாரி என்னும் இரும்பு அடுப்பை அறையில் ஏற்றுவார்கள். காற்று மெலிந்த இடத்தில் நெருப்பும் அரைகுறையாகத்தான் எரியும். கார்பன் மோனாக்ஸைடு வாசனையில்லாமல் நிரம்பும். படுக்குமுன் அணைத்துவிட்டு, ஜன்னலில் ஒரு விரற்கடை திறந்துவைக்க வேண்டும். கட்டவிழ்ந்து திரியும் நாய்கள் கூட்டமாக வரும். இருட்டியபின் குழந்தைகளை வெளியே விடாதீர்கள். வண்டிக்கு எரிபொருளைக் காருவிலேயே நிரப்பிவிட வேண்டும். வெளி மாநிலத்து ப்ரீபெய்டு தொலைபேசியை நம்பிப் போகாதீர்கள். எல்லைப் பகுதியாதலால் அனுமதி விதிகள் மாறும். லேயில் அன்றைய நிலையைக் கேட்டு, எல்லோருடைய அடையாள அட்டையையும் கையில் வைத்திருங்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோர்ஸோக்கில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி நட்டாற்றில் நிற்கும். பருப்பு கேட்கவே வேண்டாம். விடுதிகளில் குக்கர் வைத்திருக்கிறார்கள். ரசப் பொடி கொண்டுபோனால் போதும். பசியில்லாதவர்களுக்கும் சூடான ரசம் இறங்கும்.

இத்தனையும் ஏற்பாடு செய்துகொண்டு போகிறவர்கள் மாலையில் மந்தை திரும்பும் நேரத்தில் ஏரிக்கு மேலுள்ள புல்வெளிக்குப் போக வேண்டும். யாக் மயிரில் நெய்த ரெபோ என்னும் கறுப்புக் கூடாரங்கள் இன்னும் சில இருக்கின்றன. சாங்பா பெண்கள் ஆடுகளை எதிரும் புதிருமாக, ஒன்றின் கழுத்தை இன்னொன்றோடு பிணைத்து இரண்டு வரிசையாகக் கட்டிப் பால் கறப்பதைப் பார்க்கலாம். கோடைத் தொடக்கத்தில் அந்த ஆடுகளின் அடிமயிரைச் சீப்பால் வாரி எடுப்பார்கள். பஷ்மினா என்பது அதுதான். ஓர் ஆட்டுக்குச் சில நூறு கிராம் தேறினால் அதிகம். 2013 குளிர்காலக் கடும் பனியில் சாங்தாங்கில் ஆயிரக்கணக்கான ஆடுகள் தீவனமின்றிச் செத்தன. பக்கத்துக் கர்னாக் பகுதியின் மேய்ச்சல் குடும்பங்களில் பெரும்பாலோர் மந்தையை விற்றுவிட்டு லே அருகே குடியேறிவிட்டார்கள். பிள்ளைகளின் படிப்பு, வைத்திய வசதி, கூலி வேலை என்று காரணம் சொல்கிறார்கள். கூடாரத்துக்குள் எட்டிப் பார்க்கவோ படம் எடுக்கவோ கேட்டுக்கொண்டு செய்யுங்கள். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் கொடுத்தால் மறுக்காதீர்கள். அந்த உயரத்தில் உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ள அதுவும் நல்லதுதான். ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை போகலாம். மடத்தில் முகமூடி நடனத்தோடு நடக்கும் குஸ்தோர் விழாவும் கோடையில்தான். திபெத்தியப் பஞ்சாங்கப்படி நாள் மாறும் என்பதால் லே சுற்றுலா அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு விமானச் சீட்டு வாங்கலாம்.