ஜீப்பும் சுமையும்

முன்பு இம்மாநகரில் மஹிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினர். இன்றோ ஜீப்பின்மேல் இரும்புத் தடுப்பு, கூரைச் சட்டம், பருத்த டயர் என அன்பர்கள் ஏற்றிக்கொண்டே போகின்றனர்.

இரயில்வே சரக்குப் பெட்டிகளில் வெற்றெடையும் ஏற்றத்தகும் எடையும் எழுதியிருப்பதைக் காண்கிறோம். ஜீப்புக்கும் அக்கணக்கு உண்டு. கூட்டிய இரும்பு, குடும்பத்தார்க்கும் மூட்டைக்கும் உரிய எடையைத் தின்னும். கண்டாலா இறக்கத்தில் பிரேக்கைச் சோதிக்கும். கூடுதல் வில்பட்டை வண்டியை நிமிர்த்துமேயன்றி, பிரேக்கின் ஆற்றலைப் பெருக்காது.

ஆதலின், ஊருக்குப் புறப்படுமுன் எடைமேடையில் நிறுத்திப் பார்ப்போம். 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ, வழியில் நிரப்பிக்கொள்வோம். கனத்தைக் கூரையில் வையாது, அச்சுகளுக்கிடையே தாழ வைப்போம். முன்தடுப்பு சட்டத்துக்குப் புறம்பென 2017-இலேயே மைய அரசு அறிவித்தது. அதைக் கழற்றுவதற்குச் செலவு சிறிது, பயனோ பெரிது.