குடும்பப் பெயர் என்னும் கட்டம்

இணையப் படிவங்கள் பலவற்றில் பெயருக்கு இரண்டு கட்டங்கள்: முதற்பெயர், குடும்பப்பெயர். இரண்டாவதன் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகர முடியாது. 'நமக்கு இன்ஷியல்தானேங்க' என்று சொல்ல அங்கே ஆளில்லை. அப்பா பேரைப் போட்டாத்தான் வழிவிடுது. பிறகு வருகிற மின்னஞ்சல் அப்பாவை விளித்தே தொடங்குகிறது.

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப்பட்டத்தை விடச் சொன்னது. அப்படி விட்ட இடத்தின் வெறுமைக்கு ஓர் அரசியல் உண்டு. படிவமோ அதைப் 'பிழை' என்று வாசிக்கிறது; மேற்கத்திய, வடஇந்தியப் பெயர்முறையைப் பொதுவிதியாக்குகிறது. விட்டொழித்த பட்டம் திரும்பி நுழையவும் இடம் வைக்கிறது.

மாற்று எளிது. 'முழுப்பெயர்' என ஒரே கட்டம், 'எப்படி அழைக்கலாம்?' என்று இன்னொன்று, கட்டாயமில்லாமல். தொழில்நுட்பத்தில் இதற்குத் தடையேதுமில்லை. படிவத்தை வரைகிறவர் யாரை இயல்பான மனிதராக மனதில் வைத்திருக்கிறார் என்பதுதான் கேள்வி.