ஃபார்மல் நைட்டுக்கு எத்தனை பெட்டி?

கப்பல் டிக்கெட்டோடு வரும் தாள்களில் விசா, காப்பீடு, சாப்பாடு எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துக்கொண்டே வருபவர்கள் ஒரு வரியில் வந்து நின்றுவிடுவார்கள்: ‘ஃபார்மல் நைட் – 2’. உடனே வீட்டில் பேச்சு கிளம்பும். அவருக்கு கோட்டு தைக்கணுமா, எனக்கு கவுனா, இதையெல்லாம் எந்தப் பெட்டியில் திணிப்பது? பெங்களூரின் அல்சூரிலும் மல்லேஸ்வரத்திலும் இது இப்போது புதிய பேச்சில்லை. இங்கிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே கப்பல் ஏறுகிறார்கள். மும்பையிலும் சென்னையிலும் ஏறுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் டிக்கெட் போட்டுக் கொடுத்து ஐரோப்பாவில் ஏறும் பெற்றோரும் உண்டு. எங்கே ஏறினாலும் முதலில் விமானத்தின் எடைக் கணக்கைத் தாண்டியாக வேண்டும். உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோ பெட்டியில், 7 கிலோ கையில் என்பதுதான் வழக்கமான அளவு. கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்குக் கப்பலின் முதல் கெடுபிடி விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஃபார்மல் நைட்டுக்குப் பெரிய பெட்டி தேவையில்லை. தலைக்கு ஒரு நல்ல உடுப்பு போதும். அது நம்மூர் உடுப்பாக இருந்தால் எடையும் குறைவு, கப்பலில் மரியாதையும் குறையாது.

முதலில் இந்த இரவு என்ன என்று பார்த்துவிடலாம். கப்பலின் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் உடுத்திக்கொண்டு வந்து சாப்பிடும் ராத்திரி அது. கேப்டன் வந்து கை குலுக்குவார். படிக்கட்டில் புகைப்படக்காரர் நிற்பார். 3 முதல் 5 இரவுப் பயணமானால் பொதுவாக ஒன்று வரும், ஒரு வாரமானால் இரண்டு. துறைமுகம் எதிலும் நிற்காமல் முழு நாளும் கடலில் போகும் நாளைத்தான் பெரும்பாலும் இதற்குத் தேர்ந்தெடுப்பார்கள். ஊர் சுற்றிவிட்டு வியர்வையோடு வந்து யார் சீவிச் சிங்காரித்துக்கொள்வது?

எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி இல்லை. நார்வீஜியன் கப்பல்களில் இந்தக் கட்டாயமே கிடையாது. செலிபிரிட்டி கப்பல்கள் பழைய ஃபார்மல் நைட்டைக் கைவிட்டு, கொஞ்சம் தளர்ந்த ‘ஈவினிங் ஷிக்’ என்ற ஏற்பாட்டுக்குப் போய்விட்டன. ராயல் கரீபியனில் ஃபார்மல் நைட் உண்டு; ஆனால் முழு சூட்டில் ஒருவர், நல்ல சட்டை பேன்ட்டில் ஒருவர் என்று பக்கத்துப் பக்கத்து மேசையில் பார்க்கலாம். இன்னும் பிடிவாதமாக இருப்பது குனார்ட். குயின் மேரி 2 கப்பலின் காலா ஈவினிங்கில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆண்கள் டின்னர் ஜாக்கெட் அல்லது டையோடு அடர்நிற சூட், பெண்கள் கவுன் போன்ற முறையான மாலை உடை என்பது கணக்கு. அதிலும் சில இரவுகளுக்குக் கறுப்பு வெள்ளை, முகமூடி என்று தீம் வேறு. நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கறுப்பும் ஆகாது, வெள்ளையும் ஆகாது. கவலை வேண்டாம், தீம் கட்டாயமில்லை. இப்படி உடுத்தப் பிடிக்காதவர்கள் மேல்தளத்து பஃபேயில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு ஃபார்மல் நைட் வரும் மூன்று இரவு, நான்கு இரவு உள்நாட்டுப் பயணத்துக்கு இந்தக் கட்டுரையில் பாதி போதும்.

அடுத்த சந்தேகம், நம் உடை அங்கே செல்லுமா என்பது. நியாயமான சந்தேகம்தான். 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்புக்குள் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை விடவில்லை. அந்த ஆண்டே தமிழக அரசு அதற்கெதிராகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் நம் பெங்களூர் மாகடி ரோட்டில், மகனோடு சினிமா பார்க்கப் பஞ்சே (வேட்டி) கட்டி வந்த விவசாயியை ஒரு மாலில் தடுத்தார்கள். அரசு அந்த மாலை ஏழு நாள் மூடச் சொன்னது. ஆனால் வெள்ளைக்காரக் கப்பல்களிலேயே கெடுபிடி அதிகமான குனார்ட், அவரவர் நாட்டின் முறையான உடையை காலா இரவுக்கு ஏற்றுக்கொள்கிறது. மாகடி ரோட்டில் மறுக்கப்பட்டது அட்லாண்டிக் நடுவில் செல்லும். சர் சி.வி. ராமன் 1930 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடன் அரசர் முன் நோபல் பரிசு வாங்கும்போதும் தலைப்பாகையோடுதான் நின்றார். பிறகு அவர் பெங்களூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டது ஊரறிந்த கதை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். கப்பல்காரர்கள் சொல்வது முறையான உடையை. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, அங்கவஸ்திரம் என்றால் சரி. காலை நடைக்குப் போட்ட குர்தாவும் நாடா பைஜாமாவும் அந்தக் கணக்கில் வராது. சந்தேகமிருந்தால் கம்பெனிக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டு, வரும் பதிலை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி புடவை. கல்யாணத்துக்கு எடுத்த காஞ்சிபுரத்தைக் கொண்டுபோகத்தான் கை நீளும். வேண்டாம். அது கனம்; ஜரிகை அதிகமானால் ஒரு கிலோவைத் தொடும். பெட்டியில் அழுந்திக் கிடந்தால் மடிப்பு விழுந்த கோட்டிலேயே ஜரிகை முறியும். நாலு நாள் கழித்துப் பிரித்தால் அந்த மடிப்புகளை இஸ்திரி போட்டுத்தான் எடுக்கணும், அதற்குக் கப்பலில் வழி குறைவு. (இஸ்திரிப் பெட்டி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.) இந்த இடத்தில் கர்நாடகத்தில் குடியிருப்பது லாபம். மைசூர் சில்க் கிரேப் புடவை பயணத்துக்கென்றே நெய்தது போல இருக்கும்.

காரணம் நூலில் இருக்கிறது. சாதாரணப் பட்டு நூலைவிடக் கிரேப் நூலை மிக அதிகமாக முறுக்குகிறார்கள். ஒரு இழையை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம். நெய்து முடித்துப் பசை நீக்கும்போது அந்த முறுக்கு விடுபடப் பார்த்து, துணி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சுருக்கமாகப் படிந்துவிடும். விரலால் தடவினால் மெல்லிய மணல் போல ஒரு சொரசொரப்பு தெரியும், அதுதான். ஏற்கெனவே உள்ளே சுருங்கியிருக்கும் துணியில் வெளியிலிருந்து விழும் கசங்கல் நிற்பதில்லை. கையில் கசக்கி விட்டால் தானாக விரிந்து வழியும். மைசூரில் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1912இல் தொடங்கிய நெசவாலைதான் இன்று கே.எஸ்.ஐ.சி. என்ற அரசு நிறுவனமாக நடக்கிறது. உடம்பு முழுக்க ஒரே நிறம், ஓரத்தில் ஜரிகை. அந்த எளிமையும் பயணத்துக்கு உதவும், ஏனென்றால் ஒரே நிறப் புடவைக்கு எந்த ரவிக்கையும் ஒத்துப்போகும்.

ஆகவே ஒரு கிரேப், இரண்டு ரவிக்கை. முதல் ஃபார்மல் இரவுக்கு அதே நிற ரவிக்கை, சிறு கொசுவம் வைத்துப் பின் குத்திய முந்தானை. இரண்டாவதுக்குத் தங்க நிற ரவிக்கை, முந்தானையைத் தளரவிட்டுக் கொஞ்சம் பெரிய தோடு. உள்பாவாடை ஒன்றே போதும். ஒரே புடவையை இரண்டு தடவை கட்டினால் மேசைக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படுகிறவர்கள், இரண்டாவது கிரேப்பை முதலாவதின் நிறத்துக்குப் பக்கத்து நிறத்தில் எடுத்துக்கொள்ளட்டும், அதே ரவிக்கையும் பாவாடையும் ஓடும். புடவையை அட்டை போல மடிக்காமல், நீளவாக்கில் நாலாக மடித்துச் சுருட்டிப் பழைய மல் துணியில் பொதிந்தால் பெட்டியின் ஓரத்தில் ஒரு ஃபிளாஸ்க் அளவு இடம்தான் பிடிக்கும். புடவை கட்டிப் பழக்கமில்லாத இளம்பெண்களுக்கு ஒரு கறுப்பு ஜார்ஜெட் அனார்கலியும் நல்ல துப்பட்டாவும் அதே வேலையைச் செய்யும். கூடத்தில் ஏசி குளிரும். சால்வை தனியாக வேண்டாம், துப்பட்டாவும் முந்தானையும் எதற்கு இருக்கின்றன?

ஆண்களுக்கு என் யோசனை பந்த்கலா, கழுத்து மூடிய கோட்டு. கறுப்பு அல்லது கருநீலம். டை வேண்டாம், போ டை வேண்டாம், கழுத்துப்பட்டிச் சட்டைகூட வேண்டாம். உள்ளே ஒரு மெல்லிய பனியன் போட்டாலும் வெளியே தெரியாது. ஒரு தடவை தைத்தால் மைத்துனன் கல்யாணத்துக்கும் ஆகும். சிக்பேட்டையிலோ கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலோ துணி எடுக்கும்போது பாலியெஸ்டர் பளபளப்பில் மயங்காமல், மெல்லிய கம்பளி நூல் துணியைக் கேளுங்கள். கம்பளி இழைக்கு இயற்கையிலேயே ஒரு சுருள் உண்டு, தொங்கவிட்டால் கசங்கல் போய்விடும். அந்த பேன்ட்டே மற்ற இரவுகளில் சாதாரணச் சட்டைக்கும் ஆகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டை விமானத்தில் போட்டுக்கொண்டு போவதுதான் சிறந்த வழி, எடைத் தட்டில் ஏறாது. பெட்டியில்தான் வைக்க வேண்டுமென்றால் மடிக்கிற முறை இது. கோட்டின் முகம் உங்களைப் பார்க்கப் பிடித்து, இடது தோளை மட்டும் உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். வலது தோளைத் திருப்பாமல் அந்த இடது தோளின் குழிக்குள் நுழைத்துவிடுங்கள். இப்போது கோட்டு பாதி அகலத்தில் நிற்கும், உள்துணி வெளியே, நல்ல துணி உள்ளே. டிரைகிளீனர் கொடுத்த மெல்லிய பிளாஸ்டிக் உறையை அதன்மேல் பரப்பி, குறுக்கே ஒரே ஒரு மடிப்பு. துணியோடு துணி உராய்ந்து ஓரிடத்தில் நிற்பதால்தான் கசங்கல் விழுகிறது. பிளாஸ்டிக் வழுக்கிக் கொடுத்துவிடும்.

பெட்டியில் கனம் சேர்ப்பது பெரும்பாலும் செருப்புதான். ஆண்கள் ஒரு ஜோடி கறுப்பு லெதர் ஷூவை விமானத்துக்குப் போட்டுவிட்டு, பெட்டியில் ஒரு ரப்பர் செருப்பு மட்டும் வைக்கலாம். பெண்களுக்குப் புடவைக்கடியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கப்பல் ஆடும்போது உயர்ந்த குதிகால் பல்லிளிக்கும். தட்டையான, கொஞ்சம் மின்னுகிற கோலாப்பூரி போதும்; பெயர்தான் கோலாப்பூர், நம் பெலகாவி ஜில்லாவின் அதணி, நிப்பாணிப் பக்கமும் தைக்கப்படுவது. நகை விஷயத்தில் ஒரு வரி: தங்கத்தை வீட்டில் விட்டுவிடுங்கள்.

இப்போது இஸ்திரிப் பெட்டி. எடுத்துப் போகாதீர்கள். கடலில் கப்பலுக்குப் பெரிய பயம் தீ. அதனால் பெரும்பாலான கப்பல்களில் இஸ்திரிப் பெட்டி, துணிக்கு ஆவி பிடிக்கும் கருவி, கெட்டில் எல்லாம் தடை. மெழுகுவர்த்திக்கும் ஊதுபத்திக்கும்கூட இடமில்லை, வெள்ளிக்கிழமை விளக்கை மனசுக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஏறும்போது ஸ்கேனரில் தெரிந்தால் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும் நாளில் தருவார்கள். கார்னிவல், குனார்ட் கப்பல்களில் பயணிகளே துவைத்து இஸ்திரி போடும் அறை இருக்கிறது. ராயல் கரீபியனில் இல்லை, காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இலவச வழி ஒன்று உண்டு. கேபினுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து, ஃபார்மல் உடுப்பை முதலில் தொங்கவிடுங்கள். குளிக்கும்போது வெந்நீர் ஆவி படும்படி குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் மாட்டினால் கிரேப்பும் கம்பளியும் அரை மணியில் நேராகிவிடும். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தம் வைத்த கொக்கி நாலு கொண்டுபோனால் கூடுதல் மாட்டுக்கம்பி கிடைத்த மாதிரி. காலிப் பெட்டி கட்டிலுக்கடியில் போய்விடும்.

கையில் எடுத்துப் போகும் பையைப் பற்றிச் சொல்ல மோகன்தாஸ் காந்தியைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. 1888 செப்டம்பரில் பம்பாயில் கப்பல் ஏறிய பதினெட்டு வயது காந்தி, வழியெல்லாம் கறுப்பு சூட் போட்டுக்கொண்டு, நண்பர்கள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஃபிளானல் சூட்டை இறங்கும் நாளுக்கென்று பத்திரப்படுத்தி வைத்தார். இறங்கியபோது இங்கிலாந்தில் இலையுதிர்காலம். வெள்ளை உடுத்தியிருந்தது அவர் ஒருவர்தான். மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டிகளைச் சாவியோடு கிரின்ட்லே கம்பெனி ஏஜென்டிடம் கொடுத்தாகிவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பெட்டி வராது. அந்த வெட்கத்தை ‘சத்திய சோதனை’யில் அவரே எழுதியிருக்கிறார். நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து, 1931இல் வட்டமேஜை மாநாட்டுக்கு ராஜபுதானா கப்பலில் போனபோது, கூட வந்தவர்கள் சேர்த்திருந்த மூட்டைகளைப் பார்த்துக் கோபப்பட்டு, பல பெட்டிகளை ஏடனிலேயே இறக்கித் திருப்பி அனுப்பச் சொன்னார்.

பெட்டியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நடைமுறை இன்றும் அதேதான். துறைமுகத்தில் பெரிய பெட்டியை போர்ட்டரிடம் கொடுத்துவிட்டால் அது கேபின் வாசலுக்கு வர மாலையாகலாம், இரவும் ஆகலாம். முதல் இரவில் ஃபார்மல் வைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு மாற்றுடை, நகை என்று ஏதாவது இருந்தால் அது, எல்லாம் கைப்பையில். வாய்ப்பிருந்தால் அந்த கிரேப் சுருளையும் அதிலேயே வைத்துவிடுங்கள், அதற்கு எவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது?

கடைசி இரவிலும் இதே சங்கதிதான், திருப்பிப் போட்டு. பெட்டிகளை அட்டை மாட்டி இரவே கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். ஊழியர்கள் எடுத்துப் போய்க் கரையில் அடுக்கிவிடுவார்கள். ஒழுங்காக எல்லாவற்றையும் மடித்து வைத்து, பெட்டியையும் கொடுத்துவிட்டு, காலையில் இரவு உடையோடு முழிப்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் நாலு பேராவது இருப்பார்கள். ஷூவும் கோட்டும் சேர்த்து, மறுநாள் விமானத்துக்குப் போட வேண்டியதை முதலில் நாற்காலியில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பெட்டியைப் பூட்டுங்கள்.